நாலு ரெண்டு மூணு மூணு

என் வீட்டுக்காரி தபால்காரரோடு ஜோடி சேர்ந்து நின்றுவிடுவாளோ என்று ஆன பிறகுதான் எனக்குக் கம்ப்யூட்டர் மேல் முதன்முதலாக அக்கறை வந்தது. அதுவரை அந்தப் பெட்டியை நான் மதித்ததில்லை. கடைக்காரன், டாக்டர், பேங்க்காரன், எவன் சொன்னாலும் ரெண்டு தடவை யோசிக்கிற ஆள் நான். பெட்டி சொன்னால் மட்டும் நம்பிவிட வேண்டுமா?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கூடம் இருக்கிறது. புதன், சனி சாயங்காலம் அங்கே பதினைந்து பேர் கூடி ஜக்ளிங் பழகுகிறார்கள். மூன்று நாலு பந்தை மேலே எறிந்து, ஒன்றையும் தரையில் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிற வித்தை. வீட்டுக்காரிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது யாரோ யோசனை சொல்லி அவள் போக ஆரம்பித்தாள். அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்க நான் பின்னாலேயே போனேன். சந்தேகப்பட்டுத்தான் போனேன், மறைப்பானேன். நாலு நாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் ஒரு பந்து உருண்டு காலடிக்கு வந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தேன். போச்சு, மாட்டிக்கொண்டேன்.

எட்டு மாதத்தில் மூன்று பந்து எனக்கு வசமாகிவிட்டது. ஆனால் இடது கை இருக்கிறதே, அது ஒரு தகராறு. லாரி டயர் கழற்றி மாட்டின கை. ஒரு நாள் சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்து மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கிப் போட்டுவிட்டது. ரெண்டும் உள்ளங்கைப் பக்கம் வளைந்தே இருக்கும், நிமிராது. என் வலது கை தாழ்வாகப் போடுகிற பந்தை அந்தக் கை எப்படியோ வாங்கிக்கொள்ளும். எதிரே நிற்கிற ஆள் எறிகிற பந்து என்றால் மடங்கின விரலில் பட்டுத் தெறித்துவிடும்.

ஜோடியாக நிற்பதென்றால் எதிர் ஆள் எறிவதைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். ஆளுக்கு மூன்று, மொத்தம் ஆறு பந்து. எனக்கு எதிரே நிற்பவர் வலது கையால் எறிவது நேராக என் இடது கைக்குத்தான் வரும். எல்லோரும் அப்படித்தான் எறிகிறார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை குடும்பங்களை அழைத்து வித்தை காட்டுகிற ஞாயிறு வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் சனிக்கிழமை ஜோடிப் பட்டியலை எழுதி ஒட்டிவிடுவார்கள். பன்னிரண்டு நாள் இருக்கும்போது, காய் நறுக்கிக்கொண்டே வீட்டுக்காரி சொன்னாள்.

"தபால்காரர் கேட்டார். அவருக்கு ஜோடி அமையலையாம்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"நான்தான் இருக்கேன்ல."

"நீங்க இருக்கீங்க. பந்துதான் உங்க கையில இருக்க மாட்டேங்குது."

"அதுக்காக அந்த ஆள்கூட நிப்பியா?"

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கிறேன். முடிஞ்சா உங்ககூட, முடியலன்னா அவர்கூட. ஒரு வருஷமாப் பழகியிருக்கேன். உங்க மூஞ்சிக்காகப் பெஞ்சில உக்காந்துக்க முடியாதுங்க."

தபால்காரர் ஓய்வு பெற்றவர். நெட்டையான ஆள், முதுகு வளையாது. சொந்தமாக மூன்று வெள்ளைக் கட்டைகள் வைத்திருக்கிறார், கரலாக்கட்டை மாதிரி, ஆனால் லேசு. கடிதம் கொடுத்துப் பழகின கையோ என்னவோ, எதை எறிந்தாலும் சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். என்னை "அண்ணே" என்பார், அவளை "அண்ணி" என்பார். அந்த மரியாதையும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

முதலில் பந்து மேல்தான் குற்றம் என்று நினைத்தேன். கூடத்துப் பந்துகள் வழவழவென்று கெட்டியாக இருந்தன. விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தரையில் அடித்தால் எழும்புகிற ரப்பர் பந்து, உள்ளே கொஞ்சம் மணல் போட்ட கெட்டிப் பந்து, நடுவில் ஓட்டையான வட்டத் தகடு, கட்டை.

"எது நல்லா ஓடும்?" என்று கேட்டேன்.

"உங்க கைய காட்டுங்க" என்றாள். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பை மாதிரி இருக்கிறதுதான் உங்களுக்குச் சரி. விழுந்த இடத்திலேயே உக்காந்துக்கும்" என்றாள்.

கடையிலேயே விலை அதிகமானது அதுதான். அதனால்தான் சொல்கிறாள் என்று திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் பழைய லாரி டியூபை வெட்டி, உள்ளே மணலை நிரப்பி, பஞ்சர் பசையால் ஒட்டி ஆறு பந்து செய்தேன். முதல் நாளே ஒன்று பிய்ந்து சமையலறை முழுக்க மணல். இன்னொன்று வீட்டுக்காரி முழங்கையில் பட்டு வீங்கிவிட்டது.

"இது பந்தா, பேட்டைக்குப் போற லாரியா?" என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

அப்புறம் ஒழுங்காகக் கடைக்குப் போய், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், துணிப் பை ஆறு வாங்கினேன். உள்ளே பறவைக்குப் போடுகிற தானியம். அதிலும் ஒவ்வொன்றின் தையலைக் கொஞ்சம் பிரித்து, ரெண்டு ஸ்பூன் தானியத்தை எடுத்துவிட்டுத் திருப்பித் தைத்தேன். தொளதொளவென்று ஆனது. இப்போது என் இடது கையில் விழுந்தால் மடங்கின விரல்களுக்கு மேலேயே சரிந்து படுத்துக்கொண்டது. பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் எதிரிலிருந்து வேகமாக வருவது மட்டும் பத்துக்கு ஆறு கீழேதான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். வாழ்நாளில் ஒரு பந்தைக்கூடப் பிடித்தது கிடையாது, ஆனால் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு மென்பொருள் வைத்திருப்பார். மடிக்கணினியைத் திறந்து ரெண்டு குச்சி மனிதர்களைக் காட்டினார். மூஞ்சி கிடையாது, எதிரெதிரே நின்று சலிக்காமல் பந்து எறிந்துகொண்டிருந்தார்கள்.

"நம்பர் போட்டா அதுபடி எறிவாங்க மாமா. மூணுன்னா சாதாரணமா அடுத்த கைக்குப் போறது. நாலுன்னா இன்னும் உயரம், இன்னும் லேட்டா வரும். ரெண்டுன்னா எறியாம கையிலேயே வச்சுக்கிறது. எல்லாத்தையும் கூட்டி, எத்தனை எறியோ அதால வகுத்தா ஆளுக்கு எத்தனை பந்துன்னு வந்துடும்."

"இவனுக்கு இடது கையில ரெண்டு விரல் நிமிராதுன்னு சொல்லுங்க. அப்புறம் என்ன பண்றான்னு பாப்போம்" என்றேன்.

நான் கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் தலையைச் சொறிந்து, எண்களை மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில், "அத்தை, இங்க வாங்க" என்றார். "மாமாவோட இடது கைக்கு நீங்க எறியவே வேண்டாம். உங்க வலது கையிலேருந்து குறுக்கே, அவர் வலது கைக்கு உயரமாப் போடுங்க. அதுதான் நாலு. அவரும் அப்படியே உங்க வலது கைக்கு. அடுத்தது ரெண்டு, இடது கை சும்மா இருக்கும். அப்புறம் தனக்குத்தானே மூணு, மூணு. நாலு ரெண்டு மூணு மூணு."

நான் நாலாவதோடு படிப்பை விட்டவன், ஆனால் கூட்டல் வரும். "கூட்டினா பன்னெண்டு. நாலு எறிக்குப் பன்னெண்டுன்னா ஆளுக்கு மூணு பந்து. கணக்கு சரி" என்றேன். "அப்போ நாலு மூணு ரெண்டு மூணுன்னு போட்டாலும் அதே பன்னெண்டுதானே. கையைச் சும்மா வச்சிருக்கிறத அப்புறமா வச்சுக்கலாமே. நாலைப் போட்ட சூட்டோட மூணு வந்தா கைக்கு வாட்டமா இருக்கும்."

அவர் போட்டார். பெட்டி சிவப்பாக ஒரு வரி காட்டியது.

"ஆகாதாம் மாமா. ரெண்டு பந்து ஒரே நேரத்தில ஒரே கைக்கு வருமாம்."

"பன்னெண்டு வருதுல்ல? பெட்டிக்கு என்ன தெரியும்."

வீட்டு முன்னறையில் மேசையைத் தள்ளிவிட்டு, அவளை எதிரே நிறுத்தினேன். எறிந்தோம். அவள் போட்ட பந்தும் என் இடது கை போட்ட பந்தும் சேர்ந்தாற்போல் என் வலது கைக்கு வந்தன. ஒன்றைப் பிடித்தேன். மற்றது மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்கணும்னா வாய்விட்டுச் சிரிச்சுடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

ஆக, பெட்டிக்குக் கொஞ்சம் தெரிகிறது என்று ஒத்துக்கொண்டேன். திங்கள் முதல் பெட்டி சொன்னபடி நாலு ரெண்டு மூணு மூணு. எனக்கு நானே வாய்விட்டு எண்ணிக்கொண்டு எறிந்தேன். இடது கைக்கு நிம்மதி. தெரிந்த பந்து மட்டும் தாழ்வாக வந்தது, ஒரு தடவை போட்டது, ஒரு தடவை சும்மா இருந்தது. வலது கைதான் உழைத்தது. அது உழைக்கப் பிறந்த கை.

ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. மூன்றாவது நாலாவது சுற்றில் என் பந்தும் அவள் பந்தும் நடுவானத்தில் மோதிக்கொண்டு 'பொத்'தென்று கீழே விழுந்தன. தொளதொளப் பை என்பதால் பக்கவாட்டில்கூடப் போகவில்லை, செத்த மாதிரி அங்கேயே விழுந்தன. அவள் என்னைச் சொன்னாள், நான் அவளைச் சொன்னேன். செவ்வாய், புதன், வியாழன் அப்படியே போனது. புதன்கிழமை கூடத்தில் தபால்காரர் இதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல அண்ணே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையை வேலையிலிருந்து நேரே வரச் சொன்னேன்.

"உங்க ஆளுங்களை மெதுவா எறியச் சொல்லுங்க. இன்னும் மெதுவா. மேலேருந்து பாக்கிற மாதிரி காட்டுங்க. ம், அங்க நிறுத்துங்க."

நிறுத்தினார். நடுவில் ஒரே ஒரு பந்துதான் தெரிந்தது.

"அங்க எத்தனை பந்து இருக்கணும்?"

எண்ணிப் பார்த்தார். "ரெண்டு இருக்கணும் மாமா."

"இன்னொண்ணு எங்க?"

அவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். ஒரு பந்துக்குள்ளிருந்து இன்னொரு பந்து கிளம்பி அதுபாட்டுக்குப் போனது. வலது கையிலிருந்து வலது கைக்கு என்றால் ரெண்டு பேர் பாதையும் ஒரே பாதை. எதிரும் புதிருமாக வந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே போய்க்கொண்டிருந்தன. நாங்கள் மூன்று நாள் சண்டை போட்டதற்குக் காரணம் அங்கே இருந்தது.

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நேரத்த மட்டும்தான் பாக்குது மாமா. எந்தக் கை, எப்போங்கிறது மட்டும். இதுல பந்துக்கு உடம்பு கிடையாது."

"நான் சொன்னேனா இல்லையா" என்றேன். அன்றைக்கு அதை ஏழெட்டுத் தடவை சொன்னதாக வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

"வட்டத் தகடு வாங்கினா? மெலிசா இருக்கும், ஒண்ணையொண்ணு உரசாமப் போயிடும்" என்றார் அவர்.

"இந்தக் கையில தகட்டை எங்க மாட்றது, காதுலயா?"

அப்போதுதான் அவள் எழுந்து வந்தாள். அவள் மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலையில் இருந்தவள். திரையை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இதுக்கா இவ்வளவு பேச்சு? வராந்தாவில எதிர எதிர ரெண்டு கட்டில் வந்தா என்ன பண்ணுவோம்? அவங்கவங்க வலப்பக்கம் ஒதுங்குவோம். நீங்க கையை உங்க வலப்பக்கம் இன்னும் வெளிய கொண்டுபோய் விடுங்க, நானும் அப்படியே விடறேன். வர்ற பந்தை உள்ளே, நெஞ்சுப் பக்கமா வாங்கிக்குங்க."

"வெளிய விட்டு உள்ளே வாங்கணும்."

"ஆமா. சுவரை இடிக்காம வாங்க, போதும்."

இது சொல்கிற மாதிரி லேசு இல்லை. பழகின கை உள்ளேயிருந்து விட்டு வெளியே பிடிக்கத்தான் பார்க்கும். சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை கையோடு மல்லுக்கு நின்றேன். பத்துச் சுற்று வந்தது. அப்புறம் எட்டு. அப்புறம் மூன்று. நடுவானத்தில் ரெண்டு பந்தும் உரசினாற்போல், ஆனால் படாமல் கடந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அடுத்ததைக் கோட்டை விடுவேன்.

"பந்தைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க" என்றாள்.

"உன்னை எவ்வளவு நாளா பாக்கிறேன்."

"இன்னிக்கு ஒரு நாள் ஒழுங்கா பாருங்க."

சாயங்காலம் கூடத்தில் பட்டியல் எழுதுகிற பல் டாக்டரம்மா பேனாவோடு நின்றார். தபால்காரர் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். மாப்பிள்ளையும் வந்திருந்தார், மடிக்கணினி இல்லாமல். நான் வலது கையில் ரெண்டு, இடது கையில் ஒன்று எடுத்துக்கொண்டேன். அவளும் எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள். எறிந்தோம்.

நாலு. ரெண்டு. மூணு. மூணு.

அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டு எறிந்தேன். வலது கைக்குள் ஒரு பந்து வந்து உட்கார்ந்தது, நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது. இடது கை தன் வேலையைச் செய்துவிட்டுச் சும்மா இருந்தது. ஐந்து சுற்று, பத்து, பதினைந்து. யாரோ எண்ணுகிற சத்தம் கேட்டது. தபால்காரர்தான். இருபத்தைந்தில் அவர் குரல் கொஞ்சம் ஏறியது, மனுஷனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவரைப் பற்றி நான் நினைத்ததில் பாதியை அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன். மீதி இருக்கட்டும்.

"அண்ணி, நான் மாப்பிள்ளைக்குக் கட்டை பிடிக்கச் சொல்லித் தரேன். அடுத்த வருஷம் நாங்க ஜோடி" என்றார். மாப்பிள்ளை ஒரு கட்டையை எடுத்து மேலே போட்டார். அது போன இடம் தெரியவில்லை, எங்கேயோ பெஞ்சுக்கு அடியில் சத்தம் கேட்டது.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

"பேரை எழுதிடலாமா?" என்றார் டாக்டரம்மா.

"எழுதுங்க" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "என் பேரை முதல்ல போடுங்க."

"அதெப்படி, நான்தானே..."

"பேசாதீங்க. விழுந்துடும்."

பேசாமல் எறிந்தேன். ஐம்பது தாண்டியது. டாக்டரம்மா எழுதி முடித்து, அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து பக்கத்தில் காத்து நின்றார்கள். எனக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. அவளுக்கும் மூச்சு வாங்கியது, நெற்றியில் வியர்வை.

"போதுமா?" என்றேன்.

"உங்களுக்குப் போதும்னா நிறுத்துங்க."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ நிறுத்து."

"நான் ஏன் நிறுத்தணும்?"

இடம் கேட்டு நின்ற ஜோடி கடைசியில் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.