பாசிக்கு மூச்சு

தொட்டிக்குள் பாசி வெளுத்துக்கொண்டிருக்கிறது, விளிம்பில் தொடங்கிய மஞ்சள் இன்றைக்கு நடுவரை வந்துவிட்டது, நானும் என்னோடு வேலை பார்க்கும் இசக்கிராஜாவும் கண்ணாடியோடு முகம் ஒட்ட நிற்கிறோம், நெப்டியூனுக்கும் அப்பால், ஹௌமியா என்கிற இந்தக் குள்ளக் கோளில் எங்கள் இருவருக்கும் காற்று தருவது இந்தப் பாசி ஒன்றுதான், நாங்கள் விடும் மூச்சை அது வாங்கிக்கொள்ளும், அது விடுவதை நாங்கள் வாங்கிக்கொள்வோம், அது செத்தால் நாங்களும் செத்தோம், அடுத்த கப்பல் வர ஒரு வருஷம் ஆகும், இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. போன மாதம் ஒரு விளக்கு பழுதாகித் தொட்டி லேசாக வாடியது, விளக்கை மாற்றிவிட்டோம், பிறகும் ஏன் வாடுகிறது என்றுதான் புரியவில்லை. தண்ணி சரியா இருக்கு, உப்புச் சத்தும் சரியா இருக்குக்கா என்கிறான் இசக்கி, காதுக்குள் சொல்வதுபோல முனகுகிறான், ஏன்டா தம்பி, உடம்புக்கு என்ன என்றால், ஒண்ணுமில்லக்கா.

இந்த ஒண்ணுமில்லையோடு வளர்ந்தவள் நான். மதுரையில் ஹவுசிங் போர்டு வீட்டில் அம்மா சட்டியை வழித்து எங்களுக்குப் போட்டுவிட்டு, நான் அப்பவே சாப்பிட்டாச்சு என்பாள், சாப்பிட்டிருக்க மாட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் எனக்கு ஒண்ணுமில்லடி, நீ கிளம்பு என்றுதான் என்னைப் பயணம் அனுப்பினாள், பாதி வழியில் அவள் போய்விட்ட செய்தி வந்தது, முன்னாடியே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளாம், படித்துவிட்டு வால்வு துடைக்கப் போய்விட்டேன், அழுதால் மூச்சு வாங்கும், காற்று செலவாகும் என்று அப்போது ஒரு கணக்கு, அவள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான், ஆனால் விளக்கு பழுதான நாளிலிருந்து நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், இசக்கிக்கு ஊரில் நடக்கப் பழகும் பிள்ளை இருக்கிறது, காற்று அவனுக்கு மிஞ்சட்டும் என்று உடற்பயிற்சியை விட்டேன், அசையாமல் படுத்தேன், சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அலமாரியில் திரும்ப வைத்தேன், அவன் கேட்டால் சாப்பிட்டாச்சு.

இன்றைக்கு அலமாரியைத் திறந்தால் பொட்டலங்கள் சரிகின்றன, நான் வைத்ததைவிட அதிகம், அவன் வரிசையும் அப்படியே இருக்கிறது, நீ சாப்பிடலையா என்கிறேன், நீங்களும் சாப்பிடலையா என்கிறான், அவனும் படுத்தே கிடந்திருக்கிறான், அக்காவுக்கு மிஞ்சட்டும் என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பாசிக்குத் தீனியே எங்கள் மூச்சுதான், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று அதைப் பட்டினி போட்டிருக்கிறோம், இத்தனை படித்து இவ்வளவு தூரம் வந்து செய்த காரியத்தைப் பார்.

இசக்கி உடற்பயிற்சி சைக்கிளில் ஏறி மிதிக்கிறான், நான் பேசுகிறேன், வாயில் வந்ததையெல்லாம் பேசுகிறேன், அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது அழுகை வருகிறது, அடக்கப் பார்க்கிறேன், நல்லா அழுங்கக்கா, பாசிக்கு ஆகும் என்கிறான் மூச்சிரைக்க, அழுதேன், சத்தம் போட்டு, அவளைத் திட்டித் திட்டி அழுதேன். நடுவில் பூமியிலிருந்து செய்தி வந்தது, பல மணி நேரத்துக்கு முன்னால் அனுப்பியது, காற்றை மிச்சப்படுத்துங்கள், பேச்சைக் குறையுங்கள், படுத்தே இருங்கள் என்று, அவன் மிதித்துக்கொண்டே திரையை அணைத்தான்.

ஒரு வாரமாக இப்படித்தான் மிதியும் பேச்சுமாகப் போகிறது, மஞ்சள் அதற்குமேல் பரவவில்லை, நேற்று ஓரத்தில் கொஞ்சம் பச்சை தெரிந்ததாக இசக்கி சொல்கிறான், எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, இன்னும் சில நாளில் தெரியும். சாப்பிடும் நேரம், பொட்டலத்தை வழித்துத் தின்றவன் என்னைப் பார்க்கிறான், கேட்கக் கூச்சப்படுகிறான், அவனும் என்னைப்போல ஒண்ணுமில்லை என்றே வளர்ந்தவன் போல, பிறகு மெதுவாக, அக்கா, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணும் என்கிறான், எழுந்து அலமாரியைத் திறந்தேன், அவனுக்கு ஒன்று எடுத்தேன், எனக்கும் வேணும்டா என்று சொல்லி இன்னொன்றும் எடுத்தேன்.