கோடாரிச் சின்னத்தில் செங்கல்வராயன்

ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் செங்கல்வராயன் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். இருவருக்கும் அப்பன் பெயர் மாரியப்பன். உறவு ஒன்றும் கிடையாது. வாக்காளர் பட்டியலில் மட்டும் அண்ணன் தம்பி போல அடுத்தடுத்து நின்றார்கள். ஒருவர் ஏரி மதகைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நெல் பயிரிட்டவர். மற்றவன் அரசப்பன் முதலாளியின் செங்கல் சூளையில் கல் அறுத்தவன். ஊரார் 'மதகுக்காரர்', 'சூளைக்காரன்' என்று பிரித்துக்கொண்டார்கள். இவர்களோ ஒருவரையொருவர் பங்காளி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சொத்தில் பங்கு இல்லாவிட்டால் என்ன, பெயரில் இருக்கிறதே!

எழுபதாம் வருஷம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மதகுக்காரர் வார்டு மெம்பருக்கு நின்றார். ஏரிக்குள் கரையை ஒட்டியே மண் வெட்டி வண்டி வண்டியாகச் சூளைக்கு ஓட்டுகிறார்கள், இப்படியே போனால் ஒரு மழைக்குக் கரை தாங்காது என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார். ஊரில் பாதிப்பேர் அவர் பக்கம்.

அந்தச் சமயத்தில்தான் அரசப்பன் சூளைக்காரனைக் கூப்பிட்டனுப்பினார். சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினான்.

"ஏன்டா, எவ்ளோ நாளிக்குதான் கல்லு அறுத்துக்கினே இருப்பே? எலக்சன்ல நிக்கிறியா?"

"நானா? என்ன யாரு மொதலாளி மதிப்பாங்க?"

"நான் மதிக்கிறேன் இல்ல? டிபாசிட்டு நான் கட்டிடறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

காரில் ஏற்றிக் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிப்போனார்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அவன் வாழ்க்கையில் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவன் கால் தரையில் பாவவில்லை.

பெண்சாதி அங்காளம்மாள் மட்டும் மசியவில்லை. அவளும் அதே சூளையில் கல் சுமப்பவள். "ஊர்ல ஆளா இல்ல? உன்ன ஏன்யா புடிச்சாங்க?"

"ஒழைக்கிறவன்னு புடிச்சாங்க. நீ வேற, சும்மா பேஜாரு பண்ணாத."

வாபஸ் வாங்கும் தேதி முடிந்ததும் பள்ளிக்கூடச் சுவரில் வேட்பாளர் பெயர்களை ஒட்டினார்கள். சூளைக்காரன் எழுத்துக்கூட்டிப் படித்தான். அரசப்பன், குடை. செங்கல்வராயன், மண்வெட்டி. செங்கல்வராயன், கோடாரி. அந்த மட்டமான அச்சில் மண்வெட்டிக்கும் கோடாரிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் ஒரு பிடி, ஒரு தகடு.

நேரே சூளைக்குப் போனான். "மொதலாளி, நீங்களும் நிக்கிறீங்களா?"

அரசப்பன் சிரித்தார். "பின்ன, நீ ஜெயிக்கவாடா நிக்கிறே? மண்வெட்டின்னு நெனச்சிக்கினு கொஞ்சம் பேரு கோடாரில குத்தினா போதும். உன் வேல முடிஞ்சிது. போய்க் கல்ல அறு."

அவன் கல் அறுக்கப் போகவில்லை. வரப்பு வழியே நடந்து மதகுக்குப் போனான்.

"பங்காளி, செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன். இதுக்குத்தான்னு தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்."

மதகுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் பேர வெச்சே என்னக் கவுக்கப் பாக்குறாங்க. நீயும் அதுக்கு உடந்தை."

"அது என் பேருந்தானே, பங்காளி" என்றான் சூளைக்காரன். கெஞ்சலாகத்தான் சொன்னான். ஆனால் சொன்ன பிறகு அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

மறுநாள் காலை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினான். "நான் செங்கல்வராயன். கோடாரி சின்னம். உங்களுக்குப் புண்ணியமாப் போவும், எனக்கு ஓட்டுப் போடாதீங்க. மண்வெட்டிக்குப் போடுங்க."

குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சிலர் நினைத்தார்கள். சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் குச்சியால் மண்ணில் இரண்டு சின்னத்தையும் வரைந்து, எது எது என்று பொறுமையாகக் காட்டினான். எந்த வேட்பாளரும் கால் வைக்காத சூளைக் குடிசைகளுக்கும் போனான். அங்கே பூவம்மாள் என்பவள் மோர் கொடுத்து, "ஓட்டு கேட்டு எங்க ஊட்டு வாசலுக்கு வந்த மொத ஆளு நீதான்யா" என்றாள்.

"நான் எங்க கேட்டேன்? வேணாம்னு இல்ல சொல்றேன்!"

சேதி அரசப்பன் காதுக்குப் போனது. கணக்குப்பிள்ளை சின்னதுரை வந்து, புருஷன் பெண்சாதி இருவரும் இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அங்காளம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். "நாளைக்குக் கீழத்தெரு பாக்கி இருக்குது. போய்ட்டு வா" என்றாள்.

தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணினார்கள். மதகுக்காரர் மயிரிழையில் ஜெயித்தார். வெடி வெடித்தது. கூட்டத்துக்குள் புகுந்து வந்து சூளைக்காரனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் கோடாரிக்கும் ஏழெட்டு ஓட்டு விழுந்திருந்தது. அது சூளைக்காரனை அரித்தது. தொண்டை வற்றச் சொல்லியும் ஏமாந்தவர்கள் யார்? வீட்டுக்கு வந்தும் அதையே புலம்பினான்.

"யாரும் ஏமாறல" என்றாள் அங்காளம்மாள். "நான் போட்டேன். பூவம்மா போட்டா. சூளப் பொம்பளைங்க நாலஞ்சி பேரு போட்டோம்."

"அடிப்பாவி! அவுரு தோத்திருந்தா?"

"இன்னா தோத்திருந்தா? எங்க ஆம்பளைங்க அத்தினி பேரும் மண்வெட்டில குத்தினாங்க. அவுரு ஜெயிப்பாருன்னு தெரிஞ்சிதான் போட்டோம். சர்க்காரு காயிதத்துல உன் பேருக்கு நேரா முட்டைனு எழுதறதா? நிக்கவெச்சவனே சிரிச்சான். நாங்களும் உட்டுட்டா எப்பிடி?"

அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

மதகுக்காரர் மெம்பரானதும் ஏரியிலிருந்து மண் வண்டி போவது நின்றது. சூளைக்காரன் காலை ரயிலில் கும்மிடிப்பூண்டிக்குப் போய், இரும்புக் கம்பெனி ஒன்றில் பாரம் ஏற்றும் வேலை தேடிக்கொண்டான். பெயரைப் பதிந்த மேஸ்திரி, இதற்கு முன்னால் என்ன செய்தாய் என்று கேட்டார்.

"கல்லு அறுத்தேங்க. அப்புறம் எலக்சன்ல நின்னேன்."

மேஸ்திரி தலை நிமிர்ந்தார். "ஜெயிச்சியா?"

"தோத்துட்டேங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான் அவன்.