வெள்ளத்தாய் போட்ட போர்

தண்ணீர் இல்லாத வீடுகள் மலையை விட்டு இறங்கிப் போய்விடும் என்பதால், வெள்ளத்தாய் தன் வீட்டைப் பலாமரத்தோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தாள். கயிறு நல்ல தேங்காய்நார்க் கயிறு. வீடும் அப்படியொன்றும் முரட்டு வீடில்லை. ஆனாலும் காலையில் எழுந்து பார்த்தால் வாசல் ஒரு சாண் கீழே போயிருக்கும்.

கரடிப்பாறையில் இது புதிதல்ல. ஊற்று வற்றிய கோடையில் முதலில் போனது பக்கத்து மொக்கராசு வீடு. மனிதர் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டது. இப்போது அது அடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. சனங்கள் அதை நிழற்குடை என்று நினைத்து உள்ளே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். கேரளா போகிற பஸ் அவருடைய சமையலறையில் நின்றுதான் ஆள் ஏற்றுகிறது. "போக்குவரத்துக்கு வசதியாத்தான் இருக்கு" என்று மொக்கராசு போனில் சொன்னார். வெள்ளத்தாய்க்கு எரிச்சலாக வந்தது. எதற்கும் பழகிக்கொள்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

உச்சியில் ஒரு சொகுசு விடுதி இருக்கிறது. அதற்கு லாரி லாரியாகத் தண்ணீர் போகிறது. அது ஓர் அங்குலம் நகரவில்லை. நீச்சல் குளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

வாசல் மேலும் ஒரு சாண் இறங்கிய அன்று வெள்ளத்தாய் மலை அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே ஒரு நடைவழி. அது போகப் போக நீண்டது. இடையில் இரண்டு காபித் தோட்டங்கள் வந்தன. பாதி வழியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு மறுபடி நடந்தாள். கடைசியில் ஒரு மேசையும், அதற்குப் பின்னால் அலுவலர் தணிகாசலமும் இருந்தார்கள்.

"என்னம்மா?"

"எங்க நெலத்துல போர் போடணும்ங்கய்யா."

தணிகாசலம் பேனாவை மூடினார். எழுந்து நின்று சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"போரா? யார் மேல?"

"மேல எதுக்குங்கய்யா? கீழதான்."

"கீழன்னா?"

"மலைக்குள்ள. நல்ல ஆழமா."

"சரி, மலை மேல போர். காரணம்?"

"தண்ணி."

"எல்லாப் போரும் அப்படித்தான் ஆரம்பிக்குது" என்றார்.

வெள்ளத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயா, சண்டை இல்லீங்க. போர்வெல்லு. லாரி வந்து ஓட்டை போடுமே, அது."

தணிகாசலத்தின் முகம் தொங்கிப்போயிற்று. பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "மலையில ஓட்டை போடத் தடை இருக்கு. ஓட்டைன்னா நீங்க வந்த வழியே போகலாம்."

"போர்னா?"

"போருக்குத் தடை இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

வெள்ளத்தாய் திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். அது அதற்குள் இன்னும் நீண்டிருந்தது.

"அப்பப் போரே இருக்கட்டும்" என்றாள்.

"முரசு இருக்கா?"

"கம்ப்ரஸர் வரும்."

"கொடி?"

"வாசல்ல கட்டியிருக்கேன். சேலை காயுது."

"படை?"

"திருச்செங்கோட்டுல இருந்து ஒரு வண்டி."

"நல்ல படை" என்று ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இவ்வளவு பாடுபட்டு அங்கதான் இருக்கணுமா? கீழ எடம் தாராளமாக் கெடக்கே."

"எனக்கு அங்கதான் பிடிச்சிருக்கு."

"அது காரணமாகாது."

"எனக்கு ஆகும்."

சொல்ல நிறைய இருந்தது, அவரிடம் சொல்லப் பிடிக்கவில்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவள் தலையில் ஏறி வந்தது. புருசன் பாதிச் சுவரோடு போய்ச் சேர்ந்தான். மீதிச் சுவரை அவளே எழுப்பினாள். கொஞ்சம் கோணல்தான், ஆனால் அவளுடைய கோணல். அதை ஒரு பஸ் ஸ்டாண்டுக்குத் தாரை வார்க்க அவளுக்கு மனசில்லை.

போர்ச் செய்தி மலைக்கு எட்டியிருக்க வேண்டும். வண்டி ஏறி வரவர மலை பாதையில் வளைவுகளைக் கூட்டிக்கொண்டே போனது. வண்டிக்காரர் செங்கோட்டுவேல் மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு கிளம்பியவர், தாடியோடு வந்து இறங்கினார்.

"ஏனுங்கம்மா, ஒரே வளைவு திரும்பத் திரும்ப வந்துச்சுங்க. மலை நம்மளக் கண்டு பயப்படறதாட்ட இருக்குதுங்க."

"பயப்படட்டும்ண்ணே. நீங்க வண்டியை நிறுத்துங்க."

தணிகாசலமும் மேசையோடு வந்து சேர்ந்தார். போர் என்றால் மேற்பார்வை வேண்டுமாம். எதிரிக்குக் கேட்கும்படி சங்கு ஊத வேண்டும் என்றார். செங்கோட்டுவேல் ஹாரன் அடித்தார். சூடம் கொளுத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். கம்ப்ரஸர் உறுமியது. துளை போடும் பிட்டு பாறையைக் கடித்தது.

துளைக்குள் இரும்பு ராடுக்கு மேல் ராடு இறங்கியது. புகைதான் வந்தது. பாறை மாவாகிப் பறந்து காய்ந்த சேலை, பலாமரம், தணிகாசலம் எல்லாரையும் ஒரே வெள்ளையாக அடித்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போரில் இதெல்லாம் சகஜம்" என்றார்.

பிற்பகலில்தான் வெள்ளத்தாய் கவனித்தாள். மேகம் அவள் இடுப்பளவில் போய்க்கொண்டிருந்தது. காலையில் அது தலைக்கு மேல் இருந்தது.

"மலை ஒசந்திருச்சு" என்றாள்.

தணிகாசலம் விளிம்பில் போய் எட்டிப் பார்த்தார். "எக்கி நிக்குது. நீங்க ஒரு ராடு இறக்கினா அது ஒரு ராடு உசரம் எக்குது. அதுக்கு உரிமை இருக்கு."

தண்ணீர் மலையின் பாதத்தில் இருந்தது. மலை எக்க எக்க, துளையால் அதைத் தொடவே முடியவில்லை. கடைசி ராடும் இறங்கியது. புகை வந்தது. செங்கோட்டுவேல் கம்ப்ரஸரை அணைத்தார்.

"ராடு தீந்துபோச்சுங்க. எனக்கே சங்கடமாத்தான் இருக்குது. எல்லாத்தையும் உருவிட்டுக் கெளம்பறனுங்க."

"உருவாதீங்கண்ணே."

"அடியில ஒண்ணுமில்லீங்களே."

"எக்கித்தானே நிக்குது? எக்கி எம்புட்டு நேரம் நிக்க முடியும்? பரண்ல இருந்து ஒரு அண்டா எடுக்கறதுக்குள்ள எனக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிருது. அதுக்கு எம்புட்டுப் பெரிய காலு! பிடிக்காமப் போகுமா?"

செங்கோட்டுவேல் யோசித்தார். பேச்சில் நியாயம் இருப்பதாகப் பட்டது. வண்டிப் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

வெள்ளத்தாய் துளையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் துளைக்குள் வைத்து, "நான் உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு ஒரு அவசரமும் இல்ல" என்று சொன்னாள்.

மலை பனியை அனுப்பியது. அவள் முக்காடு போட்டுக்கொண்டாள். அட்டைகளை அனுப்பியது. அவள் மூக்குப்பொடியைத் தூவினாள். பிறகு மலை தணிகாசலத்தின் காதில் ஏதோ சொன்னது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"சமாதானம் பேசுது. அடிவாரத்துல நல்ல எடம். வாசல்லயே குழாய். சம்மதமான்னு கேக்குது."

"காலு வலிச்சா உக்காரச் சொல்லுங்க."

"இதையே சொல்லிரட்டுமா?"

"இதையே."

அவர் போய்ச் சொன்னார். தோட்டத்து ஆரஞ்சுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பாறைகள் லேசாக நடுங்கின. உச்சியில் விடுதியின் நீச்சல் குளம் தளும்ப, கோட்டு போட்ட ஒருவர் அதைத் தட்டு வைத்து மூடப் பார்த்தார். வெள்ளத்தாய்க்கும் பயம்தான். எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்று இருந்தாள்.

மலை குதிகாலைக் கீழே வைத்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். மேகம் மறுபடி தலைக்கு மேல் போனது. ராடு அடியில் எதிலோ சளக்கென்று இறங்கியது. செங்கோட்டுவேல் பீடியை எறிந்துவிட்டு ஓடிவந்து கம்ப்ரஸரைப் போட்டார். முதலில் சேறு வந்தது. பிறகு செம்மண் கலங்கல். பிறகு வண்டியின் உயரத்தையும் தாண்டித் தண்ணீர். வீடு நின்ற இடத்தில் அப்படியே நின்றது. வெள்ளத்தாய் தொப்பலாக நனைந்துகொண்டே அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தணிகாசலம் மேசைமேல் ஏறி நின்று அறிவித்தார். "மலை தோத்துருச்சு. தோத்தவங்க எடத்தைக் காலி பண்ணணும். அதான் விதி."

மலை புறப்படத் தொடங்கியது. காபிச் செடிகளை ஒடுக்கிக்கொண்டது. ஓடைகளைச் சுருட்டியது. பறவைகளை எண்ணிச் சரிபார்த்தது.

"நில்லு!" என்று வெள்ளத்தாய் கத்தினாள். மலை நின்றது. அவள் தணிகாசலத்திடம் திரும்பினாள். "நான் தண்ணிக்குத்தான் போர் போட்டேன். மலையை யாரு போகச் சொன்னா? அதுவும் இங்கதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன்."

"அப்படி வழியில்லம்மா. போர் முடிஞ்சா யாராச்சும் ஒருத்தர் இறங்கித்தான் ஆகணும்."

"அப்ப நீங்க இறங்குங்க."

தணிகாசலம் வானத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்ன விதிக்கும் இதற்கும் முரண் எதுவும் தென்படவில்லை. மேசையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அலுவலகத்தின் நீண்ட நடைவழி தானாகச் சுருண்டு அவர் கக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

நாலடி போனவர் நின்றார். "தூரம் சாஸ்தி. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

வெள்ளத்தாய் செம்பைக் கழுவி, தளும்பத் தளும்ப மொண்டு கொடுத்தாள். அவர் தலையில் மேசையோடு அண்ணாந்து குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது.

"நல்ல தண்ணிதான்" என்றார்.

"தெரியும்" என்றாள் வெள்ளத்தாய். "செம்பை வச்சுட்டு இறங்குங்க."