வளையாத கூம்பு

அவருக்குப் பக்கவாதம் வந்தபோது, கடைசியாகச் சக்கரத்தில் வனைந்த ஜாடிகளும் கிண்ணங்களும் கொட்டகை அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒருமுறை இலேசாகச் சுட்டு எடுத்தவை. உருகிக் கண்ணாடி போலப் படியும் மெருகு பூசி, கடுஞ்சூட்டில் மறுபடி சுட்டால்தான் அவை தண்ணீர் தாங்கும். அதற்குள் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவர் வழக்கமாகச் சுடக் கொடுக்கும் மின்சூளைக்காரரும் தொழிலை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

"நாமளே ஒரு சூளை கட்டிடலாம்டா" என்றாள் மனைவி, தன் தம்பியிடம்.

தம்பி ஓட்டல் அடுப்புகளைப் பழுது பார்ப்பவன். நெருப்பு விஷயமெல்லாம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைப்பு.

"கல்யாணச் சமையலுக்குப் போடுற பர்னர் என்கிட்ட சும்மாதான் கிடக்குக்கா. ஊருக்கே சமைக்கிற தீ, இந்தச் சட்டி பானைக்குப் போதாதா?"

சக்கர நாற்காலியில் இருந்த கணவர் வாய் கோணச் சிரித்தார். சொற்கள் அவருக்கு ஒவ்வொன்றாகத்தான் வந்தன. "சோறு வேகும், மாப்ள. மண்ணு வேகணுமே."

ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பி கொட்டகைக்குப் பின்னால் சூடு தாங்கும் செங்கல் அடுக்கிச் சூளை கட்டினான். அவள் மெருகைக் கரைத்து, ஒவ்வொரு ஜாடியாக முக்கி எடுத்தாள். அவர் இடது கை நகத்தால் கீறிப் பார்த்து, பூச்சு கனமாக இருந்தால் வேண்டாமென்று தலையாட்டுவார். அவள் துடைத்துவிட்டு மறுபடி முக்குவாள். சண்டையில்லாமல் அவர்கள் சேர்ந்து செய்த வேலை நெடுநாளைக்குப் பிறகு அதுதான்.

மேல்தட்டில் ஒன்று, கீழ்த்தட்டில் ஒன்று என்று விரல் நீள மண் கூம்புகளை நட்டு வைத்தார்கள். சரியான சூடு வந்தால் அந்தக் கூம்பு தானே தலை வளைந்து குனியும். அதைப் பார்க்கச் சூளைக் கதவில் ஒரு துளை.

காலையில் பற்றவைத்ததும் சூடு விறுவிறுவென்று ஏறியது. தம்பிக்கு வாயெல்லாம் பல். மதியத்துக்கு மேல் சூடு காட்டும் மீட்டரின் முள் நொண்டியது. ஆயிரத்து நூறு டிகிரியைத் தொட்டதோடு சண்டி மாடு போல நின்றுவிட்டது. பர்னரின் இரைச்சல் குறைந்தது. அவள் கேஸ் சிலிண்டரைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அதன் மேலெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

"அவ்ளோ வேகமா உறிஞ்சினா உறைஞ்சுதான் போகும்" என்றான் தம்பி. சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினான். இன்னொன்றையும் கொண்டுவந்து இணைத்தான். இரைச்சல் திரும்பியது. புகைபோக்கிக்கு மேலே தீ நாக்கு நீட்டியது.

"மச்சான், பாருங்க. வழிஞ்சு வெளியவே வருது."

"வெளிய எரிஞ்சு என்ன பண்ண? உள்ள எரியணும். காத்து பத்தல."

காற்றைத் திறந்தார்கள். தீ நீலமானது, சூளையின் சூடு இறங்கியது. காற்றைக் குறைத்தார்கள். புகைந்தது. புகைபோக்கி வாயில் கல் வைத்தார்கள், எடுத்தார்கள், பாதி வைத்தார்கள். அவள் துளை வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். கூம்பு விறைப்பாக நின்றது. சிலிண்டர்கள் தீரும் வரை நின்றது.

சூளை ஆறிய பிறகு திறந்தபோது, மெருகு உருகாமல் சுண்ணாம்பு போல ஒட்டியிருந்தது. தேய்த்தால் விரலில் வந்தது.

தம்பிக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இரும்பு உருக்கும் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெரிய பர்னரை வாங்கி வந்தான். மறுபடி பூசினார்கள், மறுபடி அடுக்கினார்கள்.

இந்தமுறை சூளை உறுமியது. முள் நிற்காமல் ஏறியது. கீழ்க்கூம்பு தலை சாய்வதைப் பார்த்து அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வளையுதுங்க."

"மேல?"

மேல்கூம்பு அசையவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டார்கள். உள்ளே எதுவோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. தம்பி கேஸ் கைப்பிடியை மூடப் போனான்.

"நிறுத்தவா மச்சான்?"

அவள்தான் மூடச் சொன்னாள்.

ஆறியபின் திறந்தபோது, கீழ்த்தட்டின் கால் ஒன்று தீ நேராகத் தாக்கிய பக்கம் மடிந்திருந்தது. ஜாடிகள் ஒன்றோடொன்று குழைந்து, தட்டோடு ஒட்டி, பிரிக்க முடியாத கட்டியாகியிருந்தன. மேலே இருந்தவை இன்னும் அதே சுண்ணாம்பு வெள்ளை. தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மேல உள்ளதையாவது இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம்" என்றாள் அவள். "பர்னரைக் கொஞ்சம் தள்ளி வெச்சா..."

"வேணாம்" என்றார் அவர்.

"உங்களுக்காகத்தானே இவ்வளவும்."

"எனக்காகன்னு நீ சொன்ன. உனக்காக நானும் சரின்னேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நல்லா வந்திருந்தா, தினம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இனிமே என் கையால ஒரு கிண்ணம்கூட வராதுன்னு."

அவளுக்குச் சுரீரென்றது. இதை முதல்நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் தன் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அவர் போன பிறகு தன் கையில் ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும் என்றுதான் சூளை கட்டச் சொன்னாள். அதை மட்டும் அவரிடம் எப்படிச் சொல்வது?

உள்ளதில் நல்லதாக ஒரு கிண்ணத்தை எடுத்துப் போய்க் குழாயடியில் தண்ணீர் பிடித்தாள். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடியில் ஈரம் கசிந்து, உள்ளங்கை நனைந்து, முழங்கை வரை ஒழுகியது.

திரும்பி வந்தபோது தம்பி பர்னரைக் கழற்றிக்கொண்டிருந்தான். "இது இங்கயே இருக்கட்டுமாக்கா?" என்றான், தலையைத் தூக்காமல்.

"எடுத்துட்டுப் போ."

அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். வெயில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியை நிழலுக்குத் தள்ளிவிட்டு, அவள் தன் முகம் அவருக்குத் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.