ஒருசந்தி நாளில் ஒரு மட்டிப்பழம்

...இரண்டு கோடு, ஒன்றல்ல, இரண்டு, குளியலறை லைட்டில் பிடித்துப் பார்த்தேன், ஜன்னலோரம் கொண்டுபோயும் பார்த்தேன், இரண்டேதான், மாதாவே, இதை வயிற்றில் வைத்துக்கொண்டு முகத்தை எப்படித் துக்கமாக வைத்திருப்பது? பெரிய வெள்ளி, கடியப்பட்டணமே சிலுவைப் பாதையில் தலைகுனிந்து நடக்கிறது, எனக்கோ சிரிப்பு முட்டுகிறது. முதலில் செல்வதாஸிடம்தான் சொல்ல வேண்டும், கட்டிய புருஷன், ஆனால் மனுஷன் விடியுமுன்னே போனை வீட்டில் போட்டுவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டார், அதோ முன்னால் சிலுவையைத் தோளில் தாங்கிப் போகிறார், ஓடிப்போய்க் காதில் சொன்னால் கீழே போட்டுவிடுவாரோ... போட்டாலும் போடுவார். சீ, என்ன நினைப்பு இது, இன்றைக்குப் போய்.

பசிக்கிறது, கண்ணை இருட்டுகிறது. தவக்காலம் முழுக்க மீனைத் தொடவில்லை, பக்கத்து வீட்டுச் சாளைக் குழம்பு வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தேன், வெள்ளிதோறும் ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு, எல்லாம் ஒரு பிள்ளைக்காக. வந்த பிள்ளையோ ஒருசந்தியை முறி என்கிறது! வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஒருசந்தி கிடையாது, சாமியாரே சொல்வார், ஆனால் தின்றால் ஊருக்கே தெரிந்துவிடும், போன தடவை எல்லாரிடமும் சொல்லி, இனிப்பும் கொடுத்து, அப்புறம் ஆஸ்பத்திரியில்... வேண்டாம், அதை நினைக்காதே. பையில் ஒரு மட்டிப்பழம் இருக்கிறது, விரல் நீள வாழைப்பழம்தான், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தது, கை அதையே தடவுகிறது.

நான்காம் ஸ்தலம், இயேசு தம் தாயைச் சந்திக்கிறார் என்று மைக்கில் வாசிக்கிறார்கள், எல்லாரும் முழங்காலிட, நானும் இட, தெரு ஒரு சுற்றுச் சுற்றியது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், போன தடவை மாதிரி ஆகக் கூடாது, உரித்து வாயில் போட்டுவிட்டேன். பக்கத்தில் மாமியார். "ஏட்டி, பெரிய வெள்ளியும் அதுவுமா..." என்று தொடங்கியவர் நின்றார், என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "மக்ளே... உள்ளதா?" வாய் நிறையப் பழம், தலையை மட்டும் ஆட்டினேன். "எழும்பாத, இரி. மெள்ளத் தின்னு." முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார், இயேசுவுக்காக அழுகிறார் என்று சுற்றியிருப்பவர்கள் நினைப்பார்கள், செல்வதாஸுக்கு இன்னும் தெரியாது, பாவம், எனக்குக் கத்த வேண்டும் போலிருக்கிறது. நிமிர்ந்தால் எதிரே மாதா சொரூபம். எத்தனை தவக்காலம் இவளிடம் கொடு, கொடு என்று கேட்டிருக்கிறேன், சிலுவையோடு வரும் மகனைப் பார்க்கிற இந்த முகத்தை ஒருநாளாவது பார்த்தேனா? இவளுக்கும் ஒரு காலையில் இப்படித்தான் சிரிப்பு முட்டியிருக்குமோ...