உலைக்குக் காய்ச்சல்

குளியலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான இடத்தில் சம்மட்டி குந்தியிருந்தான். வாழ்நாளெல்லாம் சம்மட்டி அடித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவன் மனைவியே சற்று யோசிப்பாள். முன்னால், உலையாக்குவதற்காக, ஒரு முழ நீளத்துக்குத் தடித்த இரும்புக் குழாய் படுத்திருந்தது. அதன் உட்புறம் முழுக்க நெருப்புக்கு அசையாத வெள்ளைப் பஞ்சு. அவள் சூளை மண்ணைக் குழைத்துக் கொடுக்கக் கொடுக்க, அவன் அதைப் பஞ்சின்மேல் விரலால் வழித்துப் பூசினான்.

"மூக்கைத் துணியால கட்டிக்க. இந்தத் தூசி உள்ள போனா திரும்பி வராது."

"நீங்க கட்டலையே?"

"நான் ஏற்கெனவே ரொப்பி வச்சிருக்கேன்."

குழாயின் மேல்பக்கத்தில் துளை போட்டு, கேஸ் வரும் எரிகுழாயை அதில் சாய்வாகச் செருகியிருந்தான். ஏன் கோணலாக இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

"நேரா வச்சா தீ ஒரே எடத்தைத்தான் சுடும். சாய்ச்சு வச்சா உள்ளயே சுத்திச் சுத்தி வரும். உங்கம்மா கோவம் மாதிரி."

"எங்கம்மாவை இழுக்கலைன்னா உங்களுக்கு வேலை ஓடாதே!"

ஆலையில் கொல்லுப் பிரிவை மூடியபோது சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்: "லாரிச் சங்கிலிக் கொக்கியை இனிமே வீட்டுலயே அடிச்சுக் குடு. உன்னைக் கேள்வி கேக்க ஆளில்லை. நீதான்யா முதலாளி." அன்று மாலை வாசலில் கையுறை, தோல் ஏப்ரன், கண்ணாடி எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் வீட்டில் டீ கேட்டால்கூட, "இதோ வரேன் முதலாளி" என்றுதான் பதில் வரும்.

ஆலையில் உலைக்குப் புது மண் பூசினால் உடனே கொளுத்த மாட்டார்கள். சின்னத் தீ வைத்து நாள்கணக்கில் ஈரத்தைப் போக்குவார்கள். 'உலைக்குக் காய்ச்சல்' என்பது தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர். அந்த நாட்களில் கூலியும் உண்டு, தூக்கமும் உண்டு. யாராவது அவசரப்படுத்தினால், "காய்ச்சல் தணியட்டும் சார்" என்பார்கள். பெரிய அதிகாரிகளும் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள்.

மண் பூசி முடிப்பதற்குள் சூப்பர்வைசரின் வண்டி வந்து நின்றது.

"நாளைக்குக் காலையில லாரி வருது. கொக்கி இல்லேன்னா வேலையை வேற வீட்டுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

"மண்ணு ஈரமா இருக்கு சார். காய்ச்சல் பாக்கணும்."

"இத்துனூண்டு அடுப்புக்குக் காய்ச்சலா? இதுக்கு ஜலதோஷமே வராதுய்யா!"

அவர் சிரித்தார். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சம்மட்டியும் சிரித்து வைத்தான்.

பாதி வெந்த சோற்றை இறக்கிவிட்டுச் சமையலறை சிலிண்டரை அவள் உருட்டிக்கொண்டு வந்தாள். தீ உறுமிக்கொண்டு பிடித்தது. உள்ளே செருகிய இரும்புக் கம்பி சிவந்து, ஆரஞ்சாகி, அடிக்கு அடி வளைந்து கொடுத்தது. முதல் கொக்கி தண்ணீரில் சுரீரென்று இறங்கியபோது அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆலை போனால் என்ன, கை இருக்கிறதே என்று அவளிடம் சொன்னான். கொக்கிகள் குவிய ஆரம்பித்தன.

உலையின் அடியில் மட்டும் மண் தடிப்பாக விழுந்திருந்தது. அங்கே ஈரம் தங்கியிருந்தது. கம்பியின் நிறம் பார்க்கக் குனிந்தவனின் கை, பழக்கத்தில், நெற்றியிலிருந்து கண்ணாடியை இழுத்துவிட மேலே போனது. நெற்றியில் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான் மண் வெடித்தது.

ஆலை மருத்துவமனை வாசலில், இங்கே தொழிலாளிகளுக்கு மட்டும்தான் வைத்தியம் என்று திருப்பி அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இடது கண் போய்விட்டது. கட்டோடு வீடு திரும்பியவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அந்த உலையைத் தூக்கிச் சாக்கடையில் எறிய வேண்டும்போல இருந்தது.

சூப்பர்வைசர் வந்தார். நேராகப் பின்பக்கம் போய் உலைக்கு முன்னால் உட்கார்ந்து, பெயர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அடடா, மறுபடி பூசணுமே. இந்தத் தடவை அவசரப்படாதீங்க தங்கச்சி. சின்னத் தீயா வச்சு, நாலஞ்சு நாள் நல்லாக் காய விடுங்க."

"அவருக்கும்தான் காயுது சார். கண்ணைத் திறக்க முடியலை."

"ஐயோ, இப்ப அவரை யாரு அடிக்கச் சொன்னா?" எழுந்து வந்து, அறை வாசலோரமாகக் கிடந்த கொக்கிக் குவியலைக் காலால் உள்ளே தள்ளிக் காட்டினார். "இதோ, இதையெல்லாம் படுத்துக்கிட்டே அரத்தால ராவிக் குடுக்கட்டும். ராவுறதுக்கு ஒரு கண்ணு போதாதா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கட்டிலுக்கு அடியில் சம்மட்டியின் கை அரத்தைத் துழாவும் சத்தம் கேட்டது. அவர் வண்டியைக் கிளப்பும்போது, அறைக்குள் இரும்பில் அரம் உரச ஆரம்பித்திருந்தது.