காற்றுப்பை இறங்கிய சாயங்காலம்

விமான ஓடுபாதையை மூடி, பூங்காவாக்கி இரண்டு வருடமாகிறது. இனி விமானம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் அங்கே காவலாளியாக இருந்தவர். வாரத்துக்கு மூன்று சின்ன விமானங்கள் வரும். ஆடு மாடுகளை விரட்டுவதும், கம்பத்தில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பையை ஏற்றுவதும் அவர் வேலை. அந்தத் துணிப்பை காற்றில் உப்பி எந்தப் பக்கம் நீள்கிறதோ, விமானம் அதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் ஓட வேண்டும். பூங்காக் காவலாளி ஆனதும் அதே சட்டத்தை நடக்க வருகிறவர்கள் தலையில் கட்டிவிட்டார். ஓடுபாதையில் காற்றை எதிர்த்து மட்டுமே போகலாம். திரும்பி வருவதற்குப் பக்கப்பாதை. நடுவில் காற்று மாறினால் விசில் அடிப்பார். மொத்தக் கூட்டமும் திரும்பி நடக்கும்.

பூங்காவாகும் முன் ஓடுபாதை மூடிக்கிடந்த ஆறு மாதம் இந்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அதனால் இந்தக் கூத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

தினமும் அங்கே சைக்கிளில் வரும் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் பொறுத்துக்கொள்ளவில்லை. மூன்று பக்கம் மனு எழுதிப் போட்டுவிட்டார். விசாரிக்க அதிகாரி வருகிறார், புகார் உண்மையானால் இவரை நகராட்சிக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று தகவல் வந்தது. அந்தக் கிடங்குக்கு ஜன்னலே கிடையாது. நேரே இவரிடம் போனேன்.

"இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பையை இறக்கிடுங்க. விசிலையும் குடுங்க."

"காத்து எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? பறக்கவா போறாங்க?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறக்கினார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அழுக்குத்துணிக் கூடையில் போட்டு மூடினேன்.

ஐந்து மணிக்கு அதிகாரி வந்து, ஜீப்பை ஓடுபாதையின் எதிர்ப்புறம் நிறுத்திவிட்டு, குறுக்கே நடந்து இந்தப் பக்கம் வந்தார். நடக்கிறவர்களும் வந்தார்கள். வந்தவர்கள் மொட்டைக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓரமாகவே நின்றார்கள். பொறுமை போனதும் பாதிப்பேர் கிழக்கே கிளம்பினார்கள், பாதிப்பேர் மேற்கே. தள்ளுவண்டிக் குழந்தைக்கு எதிரே சக்கரக் காலணிப் பெண், அவளுக்கு எதிரே இரண்டு நாய்கள். எல்லோருக்கும் நடுவே தலையைத் தூக்கிக் கம்பத்தையே பார்த்தபடி வந்த வாத்தியாரின் சைக்கிள், நேராக அதிகாரியின் முழங்காலில் போய் இறங்கியது.

கீழே கிடந்தபடியே வாத்தியார் கத்தினார்: "யோவ் காவலாளி! பை எங்கேய்யா? பை இல்லாம மனுஷன் எப்படிப் போறது?"

மனு எழுதின அதே ஆள்! எனக்கு வந்த கோபத்தில் அவரை இன்னொரு முறை தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் வீட்டுக்கு ஓடி, கூடையைக் கவிழ்த்து, பையை எடுத்து வந்தேன்.

"நீதானே வேணாம்னு சொன்ன?" என்றார் இவர்.

"வாயை மூடிட்டு ஏத்துங்க!"

ஏற்றினார். கூடையில் கிடந்த இவருடைய பனியன் ஒன்று அதில் சிக்கிக்கொண்டு கூடவே மேலே போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. பை உப்பிக் கிழக்கே நீண்டதும் அத்தனை பேரும் மேற்கே திரும்பினார்கள். இரண்டே நிமிடத்தில் பாதை சீரானது.

அதிகாரி முழங்காலைத் துடைத்துக்கொண்டே அந்த நடையைப் பார்த்தார். பிறகு மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நீங்க இங்கேயே இருங்க" என்றார் இவரிடம். எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜீப்புக்குக் கிளம்பிய அதிகாரி, ஓடுபாதை ஓரத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் அருகே தயங்கி நின்றார்.

"இப்ப குறுக்கே போகலாமா?"

இவர் கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார், கடைசியில் வானத்தையும் பார்த்தார். "போலாம் சார்."

அதிகாரியும் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார்.